என் கட்டத்தில் இல்லாத மலை

தன் வெட்கக்கேட்டை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் குற்றத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. அன்றைக்கு அக்கா வீட்டுத் திராட்சைத் தோட்டத்தில் தப்பாகப் பேசியவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். அக்கா மட்டும் எனக்காகப் பேசினாள். ஏன் அப்படிப் பேசினாள் என்று எனக்குத் தெரிய ஏழு வருஷம் ஆயிற்று.

தொண்ணூற்றாறில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுக் கூடலூரிலிருந்து மதுரைக்கு இயற்பியல் படிக்கப் போனேன். அங்கிருந்து வெளிமாநிலத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம். பூமியின் காற்றையும் கடலையும் மழையையும் சூத்திரங்களாக்கிக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது அங்கே என் வேலை. அதற்கு மாடல் என்று பெயர். "எம் மக மழையக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். "அப்பிடியே நம்ம பக்கம் ரெண்டு மழையத் தள்ளிவிடச் சொல்லு" என்று தெருக்காரர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். உண்மையைச் சொன்னால் அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது.

எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி சின்னது. வெப்பமண்டலக் காட்டின் மேல் பெய்கிற மழையில் கடலிலிருந்து நேராக வந்தது எவ்வளவு, அந்தக் காடே திருப்பி அனுப்பியது எவ்வளவு? பெய்த மழையில் ஒரு பங்கு ஓடையாக ஓடிவிடுகிறது. ஒரு பங்கு இலைமேல் தங்கி அப்படியே ஆவியாகிறது. இன்னொரு பங்கை வேர் உறிஞ்சி, இலை வழியாக வெளியே விடுகிறது. அந்த ஈரம் மேலே போய் மறுபடியும் மேகமாகி, அங்கேயோ பக்கத்திலோ மழையாக இறங்கும். ஒரே தண்ணீர் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை பெய்கிறது. இதை மாடல்கள் எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகின்றன என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. என்னைச் சுற்றி இருந்தவர்கள் அமேசானையும் காங்கோவையும் பார்த்தார்கள். நான் ஊர்ப்பற்றில் மேற்குத் தொடர்ச்சி மலையை எடுத்துக்கொண்டேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பத்தாவதோடு நிறுத்திக் கம்பம் சாலையில் ஒரு திராட்சைத் தோட்டக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர்தான் மாமா. மாமாவும் அவர் தம்பிகள் இரண்டு பேரும் சேர்ந்து விவசாயம் பார்த்தார்கள். பந்தலுக்கடியில் மூன்று ஆண்களும் பேசிக்கொண்டிருக்க, அக்கா டீத்தூக்கோடு போய்வருவாள். அந்த வீட்டில் அவளை யாரும் எதற்கும் கேட்பதில்லை என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். வருஷத்துக்கு இரண்டு தடவை, நாலு நாள் வந்து தங்கிப் போகிறவளின் முடிவு அது.

ஆராய்ச்சி நிலையத்தில் என் மூன்றாவது வருஷம், சித்திரை மாதம் விடுமுறையில் போயிருந்தேன். பன்னீர் திராட்சை கனிந்துகொண்டிருந்த சமயம். குலைகள் கறுப்பேறியிருந்தன, ஆனால் காம்புப் பக்கம் இன்னும் சிவப்பு நின்றது. இனிப்பு முழுசாக ஏற இன்னும் நாலைந்து நாள் வெயில் வேண்டும். அரைச் சிவப்பில் வெட்டினால் குமுளிக்கு ஏற்றிப் போகிற வியாபாரி முகத்தைச் சுளிப்பார். விட்டுவைத்து, இடையில் ஒரு பெருமழை அடித்தால் பழம் தண்ணீர் குடித்துத் தோல் வெடித்துவிடும். வெடித்த பழம் ஒரே நாளில் புளித்துவிடும். மருந்தடிப்பு, கவாத்து, காவல் என்று நாலு மாதம் பட்ட பாடு அந்த நாலைந்து நாளில் போய்விடக்கூடும். வெட்டுவதா விடுவதா என்பதுதான் ஒவ்வொரு அறுப்பிலும் தோட்டக்காரன் முன்னால் நிற்கிற கேள்வி.

அதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. கிழக்கே மேகமலைத் தொடரைப் பார்ப்பார்கள். கோடையில் மலைமேல் முதல் மழை பெய்த மறுநாள் காலை, காட்டிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பும். மஞ்சு என்கிற பனிமூட்டம் மாதிரி மேலேயிருந்து படியாது. மரத்துக்கு மரம் தனித்தனியாகக் கிளம்பி மேலே போகும். மலை புகைகிறது என்பார்கள். மலை புகைந்தால் இரண்டு மூன்று நாளில் கீழே மழை உண்டு, பழத்தை வெட்டிவிடு. அவ்வளவுதான் வழக்கம்.

அன்றைக்கு முந்தின சாயங்காலம் மலைமேல் இடி கேட்டிருந்தது. காலையில் நான் பல்துலக்கிக்கொண்டு பந்தல் பக்கம் போனபோது மலை புகைந்துகொண்டிருந்தது. வெட்டு ஆட்கள் கத்தரியோடும் பெட்டிகளோடும் வந்து நின்றார்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை சுருளிப்பட்டிக்கார அம்மா ஒருத்தி. "வெட்டிருவோம் முதலாளி. மலையப் பாத்தீகளா?" என்றாள். மாமா ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். இன்னும் புளிப்பு. அவர் தம்பிகள் வெட்டலாம் என்றார்கள். மாமாவுக்கு மனசு வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, ஒன் கம்ப்யூட்டரு என்ன சொல்லுது?"

பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் அதுவரை அந்தப் பந்தலுக்கடியில் என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. மூன்று ஆண்கள் நின்று ஒரு பெண்ணின் பதிலுக்குக் காத்திருந்ததை முதல் தடவை பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அது மழைக்கு அறிகுறி இல்ல மாமா. நேத்து இலைமேல நின்ன தண்ணி காயுது, அம்புட்டுத்தேன். மழையின்னா கடல்லருந்து ஈரம் வரணும். சித்திரையில காத்து இன்னும் திரும்பல. மாசிலருந்து மழை இல்லாம காட்டு மண்ணு காஞ்சு கெடக்கு. மரமெல்லாம் வாய மூடிக்கிட்டு நிக்கும். கொடுக்குறதுக்கு அதுக்கிட்ட தண்ணியே இல்ல. அஞ்சு நாள் தாராளமா விடலாம்."

சுருளிப்பட்டிக்கார அம்மா மலையைத் திரும்பிப் பார்த்தாள். "வாய மூடிக்கிட்டா நிக்குது? பச்சப்பசேர்னுல்ல நிக்குது தாயி" என்றாள்.

நான் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து மாமாவின் சின்னத் தம்பியும் சிரித்தார். அந்த அம்மா கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் மாடலில் மேகமலை இல்லை. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் மாடல் ஓடும். அன்றைய கணினிக்கு ஒவ்வொரு கட்டமும் அவ்வளவு பெரிதாக இருந்தால்தான் தாங்கும். எங்கள் கட்டம் கேரளக் கடற்கரையில் தொடங்கி ஏலத்தோட்டங்களை விழுங்கி, கம்பம் பள்ளத்தாக்கை விழுங்கி, மதுரையையும் தாண்டிப் போனது. அத்தனைக்கும் சேர்த்து ஒரே உயரம், ஒரே மண், ஒரே மழை. மலையும் பள்ளமும் கலந்து அங்கே ஒரு சாதாரண மேட்டுத்தரைதான் இருந்தது. அதில் நின்ற மரத்தின் வேர் ஓர் ஆள் ஆழத்துக்கு மேல் இறங்காது. கோடையில் அந்த மண் காய்ந்ததும் மரம் மூச்சை நிறுத்திவிடும். நான் மாமாவிடம் சொன்ன காடு அந்தக் காடு. கண்ணெதிரே நின்ற காடு வேறு.

தெரியாமல் சொல்லியிருந்தால் இதை எழுத மாட்டேன். எனக்குத் தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் என் பேராசிரியர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்: இந்த ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு ஓர் ஊரைப் பற்றி வாயைத் திறக்காதே, இதில் வேரும் சரியில்லை, மழையும் சரியில்லை என்று. அதை என் கையாலேயே நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். அந்த நோட்டு அன்றைக்கு அக்கா வீட்டில் என் பைக்குள்தான் இருந்தது.

மாமா இன்னும் தயங்கினார். டீத்தூக்கோடு நின்ற அக்கா பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற?"

அக்கா மலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "படிச்சவ சொல்றா. சரியாத்தேன் இருக்கும்" என்றாள்.

வெட்டு ஆட்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார்கள். அந்தத் தோட்டக்காரர் அரைச் சிவப்பிலேயே வெட்டி அன்றைக்கே ஏற்றிவிட்டார். வியாபாரி முகத்தைச் சுளித்திருப்பார், அதற்குமேல் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, வரக் கூடாது, மலையோடு போய்விட வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன். மழையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் அப்போது செய்ய முடிந்தது அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தது.

மறுநாள் காலை பந்தலுக்கடியில் புளித்த வாடை. குலை குலையாகப் பழம் வாய் பிளந்து கிடந்தது. தேனீயும் குளவியும் மொய்த்தன. சுருளிப்பட்டிக்கார அம்மா மறுபடியும் வந்தாள். ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவள் நல்ல பழத்தைத் தனியாகவும் வெடித்ததைத் தனியாகவும் பிரித்துக்கொண்டேயிருந்தாள். வெடித்தது அத்தனையும் எருக்குழிக்குப் போயிற்று. "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஒதவாதுன்னு சும்மாவா சொன்னாக" என்றார் மாமாவின் பெரிய தம்பி. மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார்.

அவசர வேலை என்று பொய் சொல்லி அன்றைக்கே கிளம்பினேன். அக்கா பஸ் ஏற்ற வந்தாள். வெடிக்காத பழமாகப் பொறுக்கி ஒரு பை நிறையக் கொடுத்தாள். தேனி வருவதற்குள் அத்தனையையும் தின்றுவிட்டேன். நன்றாக இனித்தது.

அதன்பிறகு அக்கா வீட்டுக்குப் போவதைக் குறைத்தேன், பிறகு நிறுத்தினேன். அம்மா போனில் சொல்வாள், "இப்பல்லாம் அவள அந்த வீட்ல யாரும் ஒரு வார்த்த கேக்குறதில்ல." முன்பு மட்டும் கேட்டார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன்.

ஆனால் அந்த மழை என் வேலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் கட்டத்தில் சித்திரை மாதத்தை மாடலில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அதில் தினமும் உச்சி வெயிலில் தூறல் விழுந்தது. நாலு மணி இடிமழை இல்லை. ஒரு மழை பெய்து, காடு புகைந்து, இரண்டு நாள் கழித்து அடுத்தது வருவது என்ற ஒழுங்கே அதில் கிடையாது. காடு சும்மா நின்றது. இதை நிரூபிக்க எனக்குக் களத்திலிருந்து குறிப்பு வேண்டும். யாரைக் கேட்பது? வெட்கமில்லாமல் அக்காவுக்கே கடிதம் எழுதினேன். மாமாவைப் பற்றியோ பழத்தைப் பற்றியோ அதில் ஒரு வரி இல்லை.

அக்கா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நேர்ச்சுவர் உள்ள ஒரு பால்பவுடர் டப்பாவை மொட்டைமாடியில் வைத்து, மகளின் ஸ்கேலால் மழையை அளந்தாள். அடுப்படியில் தொங்கும் மாதக் காலண்டரில், பால் குறிக்கிற கட்டத்துக்குள் மழை பெய்த நாளுக்கு 'ம', மலை புகைந்த நாளுக்கு 'பு' என்று எழுதினாள். மாதக் கடைசியில் அதைப் பார்த்து ஓர் இன்லாண்டு லெட்டரில் எழுதி அனுப்புவாள். ஒரு மாதமும் தவறியதில்லை. கோடை மாதங்களில் 'பு' வந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று கட்டம் தள்ளி 'ம' இருந்தது.

அதை வைத்து மாடலின் காட்டுக்கு வேரை ஆழமாக்கிப் பார்த்தேன். இலையில் நிற்கிற தண்ணீருக்குத் தனியாக இடம் கொடுத்தேன். கட்டத்தைச் சிறிதாக்கிப் பள்ளத்தாக்குக்கு மலையைத் திருப்பிக் கொடுத்தேன். காடு கோடையிலும் மூச்சுவிட ஆரம்பித்தது. மழையும் சாயங்காலத்தை நோக்கி நகர்ந்தது. முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொன்னால் மறுபடியும் பழைய தப்பைச் செய்கிறவளாவேன். மற்ற மாடல்களில் பார்த்தால் ஒன்று காட்டிலிருந்து வரும் ஈரத்தைக் குறைத்துக் காட்டியது, ஒன்று அள்ளிக் கொட்டியது. அன்றைக்கு அக்கா தோட்டத்தில் பெய்த மழையில் காட்டுத் தண்ணீர் எவ்வளவு, கடல் தண்ணீர் எவ்வளவு என்று யார் கேட்டாலும் இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் கட்டுரை நன்றாகப் போயிற்று. கருத்தரங்கில் கைதட்டினார்கள். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் 'பள்ளத்தாக்கிலிருந்து குறிப்பு அனுப்பியவர்' என்று எழுதினேன். அக்கா என்று எழுதக் கூச்சமாக இருந்தது.

இரண்டாயிரத்துப் பத்தில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மாமாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தப்பு என்னுடையது, தெரிந்தே அளந்துவிட்டேன், அக்காமேல் குறையில்லை. திராட்சைப் பந்தலைப் பிரித்து வாழை போட்டிருந்தார்கள். மாமா தோட்டத்தில் இருந்தார். அக்கா காப்பி போட, நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் பழைய காலண்டரைக் கழற்றுவதில்லை. அதே ஆணியில் புதுசை அதன்மேல் மாட்டிவிடுவார்கள். சும்மா கைபோன போக்கில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். என் 'ம', என் 'பு'. அவற்றுக்கு அடியில் பழம் வெடித்த வருஷத்துக் காலண்டர். நான் குறிக்கச் சொன்னது அதற்கு அடுத்த வருஷம். ஆனால் இதிலும் 'பு' இருந்தது, 'ம' இருந்தது. அதற்கு முந்தினதிலும் இருந்தது. பழம் வெடித்த வருஷத்துச் சித்திரையைப் புரட்டினேன். நான் பந்தலுக்கடியில் பேசிய அந்த நாளின் கட்டத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: பு. அதன் கீழே சின்னதாக: இன்னைக்கே வெட்டணும்.

"அக்கா, இது எப்ப எழுதுன?"

எட்டிப் பார்த்தாள். "அன்னைக்கு விடியக்காலம். சாணி தெளிக்கப் போனப்ப மலையப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா எனக்கு ஆமாம் போட்ட?"

"அத்தன ஆம்பளைக நின்னாக. மொத தடவையா ஒங்கிட்ட ஒண்ணு கேட்டாக. நானே 'அவளுக்குத் தெரியாது'ன்னு சொல்லவாடி? பழம் போனா அடுத்த அறுப்புக்கு வரும்." காப்பியை ஆற்றிக் கொடுத்தாள். "மாமாட்ட இதச் சொல்லிப்புடாத. தெரியாமச் சொல்லிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்காக. தெரிஞ்சே விட்டேன்னா தாங்க மாட்டாக."

காப்பியை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் என் பங்கை மட்டும் சொன்னேன். எனக்கு அன்றைக்குத் தெரியாது, தெரியாது என்பதும் தெரியும், தெரிந்த மாதிரி பேசிவிட்டேன் என்றேன். அக்காவை இதில் ஒன்றும் நினைக்க வேண்டாம் என்றேன்.

மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கோபமே இல்லை.

"ஒன்ன நம்பியா ஆத்தா விட்டேன்? நீ சின்னப் புள்ள, என்னமோ சொன்ன. நான் ஒங்க அக்காளக் கேட்டுத்தேன் விட்டேன். கல்யாணமாகி வந்ததுலருந்து ஒவ்வொரு அறுப்புக்கும் அவளக் கேட்டுத்தேன் கத்தரிய எடுப்பேன். மலையப் பாத்துச் சொன்னா தப்பாது. அன்னைக்குத் தப்பிருச்சு. என்ன செய்ய, எல்லாருக்கும் தப்பும். அதுக்கப்புறம் கேக்க மனசு வரல. பந்தலையும் பிரிச்சுட்டேன்."

அவர் தோளுக்குப் பின்னால் வீட்டு வாசலில் அக்கா நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்று தலையை லேசாக ஆட்டினாள். அவளுக்குத் தப்பவில்லை மாமா, எனக்காகத் தப்பாகச் சொன்னாள் என்று ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. நான் சொல்லவில்லை. அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று பஸ்ஸில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் எனக்கிருந்த வசதி எனக்கே தெரிந்தது.

அவள் இன்னும் அந்தக் காலண்டரில் குறித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மாமா புத்தகம் படிக்கிறவர் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.